ஆனவா, ஆகவா? வீட்டுத் தமிழில் இருக்கும் ஆங்கிலச் சாவி

(தொலைக்காட்சிக் கல்வி அரங்கத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இளைஞர் புதிய வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முதலாளியிடம் போய் ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்கிறார். முதலாளிக்கும் அவர்மேல் நல்ல அபிப்பிராயம்தான். 'பையன் கடுமையாக உழைப்பான்' என்று சொல்ல நினைத்து, ஆங்கிலத்தில் 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். கடிதத்தைப் படிக்கும் புதிய நிறுவனத்தார் என்ன புரிந்துகொள்வார்கள்? 'இவன் வேலை செய்வதே அபூர்வம்' என்றுதான். முதலாளி எழுதியிருக்க வேண்டியது 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்'. சொல்லின் கடைசியில் சும்மா ஒட்டிக்கொண்ட 'லி' ஒருவருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது.

அந்த முதலாளி ஏன் 'லி' சேர்த்தார்? பள்ளியில் படித்ததை மறக்காமல் வைத்திருந்ததால்தான்! 'அட்ஜெக்டிவோடு எல், வை என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அட்வெர்ப்' என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஸ்லோ, ஸ்லோலி. குவிக், குவிக்லி. கேர்ஃபுல், கேர்ஃபுலி. பாதித் தூரம் வரைக்கும் இந்த விதி நன்றாகக் கைகொடுக்கும். மீதித் தூரத்தில் நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

ஆகவே இன்றைய தலைப்பு, ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ் எது, அட்வெர்ப் எது என்று பிரித்தறிவது எப்படி என்பதுதான். இலக்கணம் என்றதும் தொலைக்காட்சியை அடைத்துவிடாதீர்கள். இதற்கு வேண்டிய சாவி உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே, அன்றாடம் பேசுகிற தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலமே தெரியாத அம்மாவும் அந்தச் சாவியைப் பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுக்கலாம்.

தமிழ்க் காது ஏமாறாது

அட்ஜெக்டிவ் என்பதைத் தமிழில் பெயரடை என்கிறோம். பெயர்ச்சொல்லுக்கு அடையாக வருவது. அட்வெர்ப் என்பது வினையடை. வினைச்சொல்லுக்கு அடையாக வருவது. இந்த இரண்டையும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பாடத்திலேயே படிக்கிறார்கள். ஆனால் தமிழ் வகுப்பில் படித்ததை ஆங்கில வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்களுக்குச் சொல்வோர் குறைவு.

இதோ, நான்கு தொடர்களைக் காதால் கேட்டுப் பாருங்கள். 'அழகான பாட்டு.' 'அழகாகப் பாடினாள்.' 'வேகமான வண்டி.' 'வேகமாக ஓட்டினான்.' சரி, இவற்றை மாற்றிப் போடுவோம். 'அழகாகப் பாட்டு.' 'வேகமான ஓட்டினான்.' காதில் கல் விழுந்தது போல் இருக்கிறது அல்லவா? மூன்று வயதுக் குழந்தைகூட 'வேகமான ஓடு' என்று சொல்லாது. 'வேகமா ஓடு' என்றுதான் சொல்லும். இந்த வேறுபாடு அந்தக் குழந்தைக்கு யாரும் கற்பிக்காமலே வந்துவிட்டது.

'ஆன' வந்தால் அடுத்து ஒரு பெயர் வரவேண்டும். 'ஆக' வந்தால் அடுத்து ஒரு வினை வரவேண்டும். இரண்டுமே 'ஆகு' என்ற ஒரே வினைச்சொல்லிலிருந்து பிறந்தவை. இலக்கண முறைப்படி சொன்னால் 'ஆன' என்பது பெயரெச்சம், 'ஆக' என்பது வினையெச்சம். எச்சம் என்றால் முடியாமல் எஞ்சி நிற்பது. பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம், வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். ஆங்கிலக்காரர்கள் அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்று பிரித்ததை நம் சொற்கள் தங்கள் வாலிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே முதல் சாவி இதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஐயம் வந்தால், அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ். 'ஆக' வந்தால் அட்வெர்ப். 'அழகான பாட்டு' என்றால் 'அ பியூட்டிஃபுல் சாங்'. 'அழகாகப் பாடினாள்' என்றால் 'ஷி சேங் பியூட்டிஃபுலி'. 'கவனமான ஓட்டுநர்' என்றால் 'அ கேர்ஃபுல் டிரைவர்'. 'கவனமாக ஓட்டுகிறார்' என்றால் 'ஹி டிரைவ்ஸ் கேர்ஃபுலி'.

'நல்ல' என்ற சொல்லுக்கு 'ஆன' இல்லையே என்று ஒரு மாணவன் கேட்கலாம். நல்ல கேள்வி. 'நல்ல' என்பதும் பெயரெச்சம்தான், குறிப்புப் பெயரெச்சம் என்பார்கள். 'நல்ல பாட்டு' என்போம். வினைக்கு வரும்போது 'நல்லவாகப் பாடினாள்' என்று சொல்வதில்லை. 'நன்றாகப் பாடினாள்' என்று சொல்லே உருமாறுகிறது. ஆங்கிலத்திலும் இதே சொல்தான் அடங்காப்பிடாரி. 'குட்' என்பதற்கு வினையடை 'குட்லி' அன்று, 'வெல்'. 'அ குட் சாங்', ஆனால் 'ஷி சிங்ஸ் வெல்'. 'நல்ல' என்றால் குட், 'நன்றாக' என்றால் வெல் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், 'ஷி சிங்ஸ் குட்' என்று எழுதும் பழக்கம் மெல்ல மறையும்.

'ஸ்லோ ஸ்லோ' எங்கிருந்து வந்தது?

நம் மலேசியப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஏன் தடுமாற்றம் வருகிறது? அவர்கள் வளர்கிற சூழலைப் பார்த்தால் காரணம் தெரியும்.

மலாய் மொழியில் 'லாஜு' என்றால் வேகம். வேகமான காருக்கும் 'கெரெத்தா லாஜு' என்பார்கள். அவன் வேகமாக ஓடுகிறான் என்பதற்கும் 'டியா லாரி லாஜு' என்பார்கள். சொல் மாறுவதே இல்லை. வேண்டுமானால் முன்னால் 'டெங்கான்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். மாண்டரின் மொழியிலோ பெயருக்கு முன் வரும் இணைப்புக்கு ஓர் எழுத்து, வினைக்கு முன் வரும் இணைப்புக்கு வேறோர் எழுத்து. ஆனால் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. எழுதினால் வேறுபாடு தெரியும், பேசினால் தெரியாது. ஆக, பக்கத்து வீட்டிலும் கடைத்தெருவிலும் நம் பிள்ளை கேட்கிற மொழிகளில் இந்த வேறுபாடு காதில் விழுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெதுவாகப் போ என்று சொல்ல மலாய்க்காரர் 'பெர்லஹான்-லஹான்' என்கிறார். சீனர் 'மான் மான்' என்கிறார். தமிழர் 'மெல்ல மெல்ல' என்கிறார். மூவருமே சொல்லை இரட்டிக்கிறார்கள். மூவரும் சேர்ந்து ஆங்கிலம் பேசும்போது 'டிரைவ் ஸ்லோ ஸ்லோ லா' என்று வராமல் வேறு எப்படி வரும்? அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடைப் பேச்சுக்கு அதுவே இனிமை. ஆனால் தேர்வுத் தாளுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் 'ஸ்லோலி' என்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் எந்தச் சட்டை போடுவது என்பது போன்ற விவரம்தான் இது.

இந்த மூன்று மொழிகளில் பெயரடைக்கும் வினையடைக்கும் காதில் கேட்கிற மாதிரி இரண்டு வெவ்வேறு வால் வைத்திருப்பது தமிழ்தான். அதனால் ஆங்கிலத்தின் இந்தப் பாடத்தில் தமிழ் பேசும் பிள்ளை ஒரு படி முன்னால் நிற்கிறது. அது அந்தப் பிள்ளைக்கே தெரியாது என்பதுதான் வருத்தம்.

சாவி திரும்பாத ஒரு பூட்டு

எந்தச் சாவிக்கும் திறக்காத பூட்டு ஒன்று இருக்கும். இங்கேயும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால், தமிழே பிள்ளையை வழி தவற வைத்துவிடும்.

'குழம்பு சுவையாக இருக்கிறது.' இதில் 'ஆக' வந்திருக்கிறது. சாவியின்படி அட்வெர்ப் போடவேண்டும். 'தி கறி இஸ் டிலிஷியஸ்லி' என்று எழுதினால் சரியா? தவறு. 'தி கறி இஸ் டிலிஷியஸ்' என்றுதான் எழுதவேண்டும். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்றால் 'ஷி இஸ் பியூட்டிஃபுல்'. 'வீடு அமைதியாக இருக்கிறது' என்றால் 'தி ஹவுஸ் இஸ் குவயட்'. தமிழில் 'ஆக' வந்தும் ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ் வருகிறது.

காரணம் 'இரு' என்ற வினை. சுவை குழம்பினுடையது. அழகு அவளுடையது. அமைதி வீட்டினுடையது. இங்கே எந்தச் செயலும் நடக்கவில்லை. 'இரு' என்பது குணத்தையும் பொருளையும் கட்டிவைக்கும் கயிறு மட்டுமே. தமிழ் அந்தக் கயிற்றையும் வினை என்று மதித்து 'ஆக' போடுகிறது. ஆங்கிலமோ கயிற்றைப் பார்க்காமல், குணம் யாருடையது என்று பார்க்கிறது.

அதனால் இரண்டாவது சாவி ஒரு கேள்வி: 'இந்தக் குணம் யாருக்குச் சொந்தம்? பொருளுக்கா, செயலுக்கா?' பொருளுக்குச் சொந்தம் என்றால் அட்ஜெக்டிவ். செயலுக்குச் சொந்தம் என்றால் அட்வெர்ப்.

ஆங்கிலத்தில் இப்படிக் கயிறு போல் வேலை செய்யும் வினைகள் சில உண்டு. இஸ், ஆர், வாஸ் ஆகியவை ஒரு பக்கம். லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட், சீம், பிகம் ஆகியவை இன்னொரு பக்கம். இவற்றை லிங்க்கிங் வெர்ப், அதாவது இணைப்பு வினை என்பார்கள். தொல்லை என்னவென்றால், இவற்றில் சில நேரத்துக்குத் தகுந்தாற்போல் வேஷம் மாற்றும். ஒரு வாக்கியத்தில் கயிறாக இருக்கும், அடுத்த வாக்கியத்தில் உண்மையான செயலாகிவிடும்.

'லுக்' என்ற வினையையே எடுத்துக்கொள்வோம். 'அம்மா கோபமாகத் தெரிகிறார்' என்றால் 'மதர் லுக்ஸ் ஆங்ரி'. கோபம் அம்மாவுடையது. அவர் யாரையும் பார்க்காமல் அடுப்பையே வெறித்துக்கொண்டிருக்கலாம். 'அம்மா தம்பியைக் கோபமாகப் பார்த்தார்' என்றால் 'மதர் லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்'. இங்கே பார்வை என்ற செயல் நடந்துவிட்டது. கோபம் அந்தப் பார்வையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'லுக்'. தமிழிலோ 'தெரிகிறார்' வேறு, 'பார்த்தார்' வேறு. இங்கேயும் தமிழ் வந்து உதவி செய்கிறது பாருங்கள்.

'டேஸ்ட்' என்பதும் அப்படித்தான். 'ரசம் நன்றாக இருக்கிறது' என்றால் 'தி ரசம் டேஸ்ட்ஸ் குட்'. ரசத்துக்கு நாக்கு இல்லை, அது எதையும் சுவைத்துப் பார்க்கவில்லை. 'பாட்டி ரசத்தைக் கவனமாகச் சுவைத்துப் பார்த்தார்' என்றால் 'கிராண்ட்மதர் டேஸ்டட் தி ரசம் கேர்ஃபுலி'. இங்கே பாட்டிக்கு நாக்கும் உண்டு, வேலையும் உண்டு. 'ஸ்மெல்' என்பதும் இதே கதைதான். 'பூ இனிமையாக மணக்கிறது' என்றால் 'தி ஃபிளவர் ஸ்மெல்ஸ் சுவீட்'. 'நாய் பையைச் சந்தேகத்தோடு மோந்து பார்த்தது' என்றால் 'தி டாக் ஸ்மெல்ட் தி பேக் சஸ்பிஷஸ்லி'.

ஐயம் வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' என்று போட்டுப் பாருங்கள். 'தி ஃபிளவர் இஸ் சுவீட்', பொருள் கெடவில்லை. அப்படியானால் அது கயிறு, அட்ஜெக்டிவ் போடலாம். 'தி டாக் இஸ் தி பேக்' என்று போட்டால் நாயே பையாகிவிடும்! அப்படியானால் அது செயல், அட்வெர்ப் போடவேண்டும்.

'குணம் யாருக்குச் சொந்தம்' என்ற கேள்வி வேறு சில இடங்களிலும் வேலை செய்யும். 'மரம் உயரமாக வளர்ந்தது', 'மரம் வேகமாக வளர்ந்தது'. தமிழில் இரண்டிலும் 'ஆக'. ஆனால் உயரம் மரத்தினுடையது, வேகம் வளர்ச்சியினுடையது. அதனால் முதலாவது 'தி ட்ரீ குரூ டால்'. இரண்டாவது 'தி ட்ரீ குரூ குவிக்லி'. 'சுவருக்குச் சிவப்பாகச் சாயம் பூசினார்கள்' என்றால் 'தே பெயின்டட் தி வால் ரெட்'. சிவப்பு சுவரில் ஒட்டிக்கொண்டது, பூசுகிற செயலில் ஒட்டவில்லை. 'ரெட்லி' என்று எழுதினால் திருத்துபவர் புருவத்தை உயர்த்துவார்.

இந்த 'வெல்' ஒரு வேடிக்கையும் செய்யும். 'ஐ ஆம் வெல்' என்றால் உடல்நலத்தோடு இருக்கிறேன் என்று பொருள். அந்த இடத்தில் 'வெல்' அட்ஜெக்டிவ் ஆகிவிடுகிறது. மற்ற நேரத்தில் அட்வெர்ப். ஒரே ஆள் பகலில் ஆசிரியர், மாலையில் கால்பந்துப் பயிற்றுநர் என்பது போல.

'லி' என்ற வால் எங்கிருந்து வந்தது?

'ஃபிரெண்ட்லி' என்ற சொல்லைப் பாருங்கள். கடைசியில் 'லி' இருக்கிறது, ஆனால் அது அட்ஜெக்டிவ். 'அ ஃபிரெண்ட்லி டீச்சர்' என்றால் நட்பான ஆசிரியர். லவ்லி, லோன்லி, அக்லி, சில்லி, எல்டர்லி, எல்லாமே அட்ஜெக்டிவ்தான். மறுபக்கம் 'ஃபாஸ்ட்' என்பதில் 'லி' இல்லை, ஆனால் 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் அது அட்வெர்ப். 'ஃபாஸ்ட்லி' என்று யாரும் எழுதுவதில்லை. ஏன் இந்தக் குழப்பம்?

இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு உடல் என்று பொருள். நண்பனுடைய உடலும் உருவமும் கொண்டது, அதாவது நண்பனைப் போன்றது என்ற கருத்தில் பெயர்ச்சொல்லோடு அது ஒட்டியது. அப்படி ஒட்டிப் பிறந்தவை அட்ஜெக்டிவ்கள். இன்று 'போல' என்ற பொருளில் வழங்கும் 'லைக்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். அட்வெர்ப் வேண்டும் என்றால் அக்காலத்தவர் சொல்லின் கடைசியில் ஓர் 'எ' ஒலியைச் சேர்த்தார்கள். அது ஒன்றே வேறுபாடு.

காலப்போக்கில் ஆங்கிலேயர்கள் அந்தக் கடைசி 'எ' ஒலியை விழுங்கிவிட்டார்கள். விளைவு என்ன? அட்ஜெக்டிவ் வாலும் அட்வெர்ப் வாலும் ஒன்றாகி இரண்டுமே 'லி' ஆகிவிட்டன. 'ஃபிரெண்ட்லி' ஒரு பக்கமும் 'ஸ்லோலி' ஒரு பக்கமும் நிற்பது அதனால்தான். ஃபாஸ்ட், ஹார்ட் போன்ற சொற்களில் அந்த 'எ' மட்டுமே அட்வெர்ப் அடையாளமாக இருந்தது. அது உதிர்ந்ததும் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. தமிழ் தன் 'ஆன', 'ஆக' இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டது. ஆங்கிலம் ஒன்றைத் தொலைத்துவிட்டு இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள குறிப்பு கிடைக்கிறது. 'லி' என்ற வாலைக் கழற்றிப் பாருங்கள். மிஞ்சுவது பெயர்ச்சொல்லாக இருந்தால், பெரும்பாலும் அந்தச் சொல் அட்ஜெக்டிவ். ஃபிரெண்ட், கவர்ட் என்ற பெயர்களிலிருந்து வந்தவை ஃபிரெண்ட்லி, கவர்ட்லி. மிஞ்சுவது அட்ஜெக்டிவாக இருந்தால், பெரும்பாலும் அந்தச் சொல் அட்வெர்ப். ஸ்லோ, சேஃப் என்பவற்றிலிருந்து வந்தவை ஸ்லோலி, சேஃப்லி. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பத்துச் சொல்லில் பெரும்பகுதிக்கு இது உதவும். 'நட்பாகப் பேசினார்' என்று சொல்லவேண்டுமானால் 'ஹி ஸ்போக் இன் அ ஃபிரெண்ட்லி வே' என்று எழுதலாம். 'ஃபிரெண்ட்லிலி' என்று நாக்கைச் சுளுக்க வேண்டாம்.

வால் ஒட்டினால் பொருளே மாறும் சொற்கள்

இப்போது அந்த நற்சான்றுக் கடிதத்துக்கு வருவோம். 'ஹார்ட்' என்பது வாலில்லாமலே அட்வெர்ப். கடுமையாக என்று பொருள். வால் ஒட்டிய 'ஹார்ட்லி' தனிக் குடித்தனம் போய்விட்டது. அதற்குப் பொருள் 'அரிதாக, இல்லை என்று சொல்லுமளவுக்கு'.

இப்படித் தனிக் குடித்தனம் போன சொற்கள் இன்னும் சில இருக்கின்றன. 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மைக் காலத்தில். 'ஹி கேம் லேட்' என்றால் தாமதமாக வந்தான். அதையே 'ஹி கேம் லேட்லி' என்று எழுதினால் மேலாளருக்கு ஒன்றும் புரியாது. 'நியர்' என்றால் அருகில், 'நியர்லி' என்றால் ஏறக்குறைய. 'ஹை' என்றால் உயரத்தில், 'ஹைலி' என்றால் பெரிதும். 'ஷார்ட்' என்றால் குட்டை, 'ஷார்ட்லி' என்றால் சற்று நேரத்தில். இவை ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தால் போதும். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அட்வெர்ப் வினைக்கு மட்டுமன்றி அட்ஜெக்டிவுக்கும் அடையாக வரும். 'உண்மையிலேயே நல்ல படம்' என்றால் 'அ ரியலி குட் ஃபிலிம்'. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'ரியல் குட்' என்று காதில் விழும். தேர்வில் அதை எழுதவேண்டாம்.

மற்றொன்று சொல் நிற்கும் இடம். தமிழில் 'ஆங்கிலத்தை நன்றாகப் பேசுகிறான்' என்போம், 'நன்றாக' வினையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதே பழக்கத்தில் 'ஹி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் இப்படி ஆள் நுழைவதை விரும்பமாட்டார்கள். 'ஹி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்' என்று கடைசியில் போடுவதே முறை.

பெரிய நிறுவனமே விதியை மீறினால்?

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். 'ஆப்பிள் நிறுவனமே திங்க் டிஃபரன்ட் என்று விளம்பரம் செய்ததே, டிஃபரன்ட்லி என்று போடவில்லையே' என்று கேட்பார்கள். 1997ஆம் ஆண்டு வந்த அந்த விளம்பர வாசகம் அன்றே இலக்கண விவாதத்தைக் கிளப்பியது உண்மைதான். தமிழ்ச் சாவியைப் போட்டுப் பார்த்தால் விவாதம் எளிதாக விளங்கும். 'வேறாகச் சிந்தி' என்று பொருள் கொண்டால் டிஃபரன்ட்லி வேண்டும். 'வேறானதைச் சிந்தி' என்று பொருள் கொண்டால் டிஃபரன்ட் போதும். எப்படிச் சிந்திப்பது என்பது ஒன்று, எதைச் சிந்திப்பது என்பது இன்னொன்று.

'டிரைவ் ஸ்லோ' என்பதும் அப்படியே. அதைத் தவறு என்று அடித்துவிட முடியாது. 'ஸ்லோ' என்பதை அட்வெர்ப் ஆகவும் அகராதிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. சாலையோரப் பலகையில் எழுத்து குறைவாக இருப்பதே நல்லது. இங்கிலாந்தில் 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லோத் போன்றவர்கள், அட்ஜெக்டிவை அட்வெர்ப் இடத்தில் வைப்பது முறையன்று என்று கண்டித்தார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் 'லி' சேர்க்கும் கண்டிப்பு வலுத்தது. விதியை நன்றாகத் தெரிந்துகொண்டவர் விளம்பரத்தில் அதை மீறலாம். தெரியாமல் மீறினால் அது பிழை. பள்ளிக் கட்டுரையில் 'லி' சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு.

வீட்டு மொழி தடையா, துணையா?

நேயர்களே, இதுவரை சொன்னவை இலக்கணம். இனிச் சொல்லப்போவதுதான் இதில் முக்கியமானது.

நம் நாட்டில் ஆங்கிலம் பற்றிய கவலை புதிதன்று. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அந்தத் திட்டத்தைக் கைவிட முடிவாகி, 2012 முதல் மாற்றம் வந்தது. 2016இல் இருமொழித் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பெற்றோர் மனத்தில் ஓர் அச்சம் எழுந்தது. 'வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராதோ?' அந்த அச்சத்தில் சில வீடுகளில் தமிழை நிறுத்திவிட்டார்கள். தாத்தாவும் பேரனும் பேசிக்கொள்ளப் பொது மொழி இல்லாத நிலைகூட வந்தது. அதற்கு ஈடாக ஆங்கிலம் வந்ததா என்றால், பல வீடுகளில் வந்தது 'ஸ்லோ ஸ்லோ' ஆங்கிலம்தான். பெற்றோருக்குத் தெரிந்த அளவுதானே பிள்ளைக்குப் போய்ச் சேரும்?

ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் இன்று வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள் இருக்கின்றன. நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் ஆங்கிலம் கேட்கிறார்கள். ஆங்கிலம் நன்றாக வரவேண்டும். அதற்கு நிறையப் படிக்கவேண்டும், கேட்கவேண்டும், எழுதவேண்டும். அந்த உழைப்புக்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால் அந்த உழைப்பில் தமிழைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். அதை வீட்டைவிட்டுத் துரத்தவேண்டியதில்லை.

எத்தனையோ தாய்மார்கள், பிள்ளை ஆங்கில வீட்டுப்பாடம் செய்யும்போது ஒதுங்கிக்கொள்கிறார்கள். 'எனக்கு என்னடா தெரியும், டியூஷன் டீச்சரைக் கேள்' என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறார்கள். தோட்டப்புறத்தில் படித்து, ஆறாம் ஆண்டோடு நின்ற அம்மாவாக இருக்கலாம். இரவு வேலை முடிந்து வந்த அப்பாவாக இருக்கலாம். ஆங்கிலம் தெரியாது என்ற கூச்சம் அவர்களைப் பிள்ளையின் படிப்பிலிருந்தே தள்ளி வைத்துவிடுகிறது. பிள்ளையும் 'அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது' என்று நினைக்கத் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டு புள்ளி குறைவதைவிட இது பெரிய இழப்பு.

அந்த அம்மா இன்று முதல் ஒதுங்கவேண்டாம். பிள்ளை வாக்கியத்தை எழுதி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, 'இதைத் தமிழில் சொல்லு' என்று கேட்கட்டும். பிள்ளை 'அவள் இனிமையாகப் பாடினாள்' என்று சொல்லும். 'ஆனவா, ஆகவா?' என்று அம்மா கேட்கட்டும். 'ஆக' என்று பிள்ளை சொல்லும். 'இனிமை அவளுக்கா, பாட்டுப் பாடுறதுக்கா?' என்று அடுத்த கேள்வி. 'பாடுறதுக்கு.' 'அப்படின்னா நீ எழுதினது சரியா?' பிள்ளை குனிந்து தாளைப் பார்க்கும். 'சுவீட்' என்று எழுதியதைத் தானே அழித்து 'சுவீட்லி' என்று எழுதும். அம்மா ஓர் ஆங்கிலச் சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் பாடம் நடந்துவிட்டது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி தமிழ் வகுப்பில் பெயரடை, வினையடை நடத்தும் நாளில், ஆங்கில ஆசிரியரோடு ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு வகுப்பிலும் ஒரே வாரத்தில் ஒரே பாடம் நடந்தால், ஒன்று மற்றொன்றுக்குத் தோள் கொடுக்கும். மாணவனும் இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தை விட்டுவிடுவான்.

சுருக்கமாக மூன்றே கேள்விகள். தமிழில் சொன்னால் ஆனவா, ஆகவா? குணம் பொருளுக்கா, செயலுக்கா? ஐயம் தீரவில்லையென்றால், 'இஸ்' போட்டால் பொருந்துகிறதா? இந்த மூன்றையும் பிள்ளையின் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தமிழிலேயே எழுதி வையுங்கள். 'லி' தானாக வந்து சேரவேண்டிய இடத்தில் சேரும், வேண்டாத இடத்தில் விலகி நிற்கும்.